புகைபோக்கியில் ஒளிக்கற்றை மீட்டர்: திரையில் வரும் எண்ணை நம்புமுன் பார்க்க வேண்டியவை

காரைக்குடி, புதுவயல் பக்கம் உமி எரிக்கும் பாய்லர் உள்ள ஆலையில் வேலை பார்க்கிறீர்களா, புகைபோக்கிக்குக் குறுக்கே ஒளி பாய்ச்சி வாயுவை அளக்கும் மீட்டர் அங்கே புதிதாக வரப்போகிறதா, அப்படியென்றால் இதைப் படித்துவிட்டு மேலே ஏறுங்கள்.

ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில அலைநீளங்களை விழுங்கும். கார்பன் மோனாக்சைடு அகச்சிவப்பில் 4.6 மைக்ரான் அருகே, சல்பர் டையாக்சைடு புறஊதாவில் 300 நானோமீட்டர் அருகே. எவ்வளவு ஒளி குறைந்தது என்பதை வைத்து மீட்டர் கண்டுபிடிப்பது செறிவை அல்ல, செறிவையும் தூரத்தையும் பெருக்கிய அளவை. அதனால் தூரம் தப்பானால் எல்லாமே தப்பு. பலரும் பிளாஞ்சிலிருந்து (மீட்டரை போல்ட் போட்டுப் பொருத்தும் விளிம்பு) எதிர்ப்பக்கப் பிளாஞ்ச் வரை டேப் பிடித்து 2.5 மீட்டர் என்று போட்டுவிடுகிறார்கள், ஆனால் பிளாஞ்சைப் புகைபோக்கியோடு இணைக்கும் இரண்டு பக்கக் குழாய்களுக்குள்ளும் இருப்பது, கண்ணாடியில் சாம்பல் படியாமல் ப்ளோயர் (காற்றூதி) ஊதும் சுத்தக் காற்று, புகை இருப்பது நடுவில் 2 மீட்டர்தான். உண்மையில் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) இருக்க, திரை 160 காட்டும். புகைபோக்கியின் உள்விட்டத்தைப் போடுங்கள்.

ஒளிக்கற்றையைக் குளிர்ந்த புகைபோக்கியில் நேர்ப்படுத்திவிட்டு இறங்கிவிடாதீர்கள். சூட்டில் இரும்பு விரிந்து கற்றை விலகும், பாய்லர் முழு லோடில் ஓடும்போது மறுபடி சரிபார்க்க வேண்டும். புறஊதா விளக்கை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. புகைபோக்கியின் இழுவை குறைந்திருக்கும் நேரத்தில் பிளாஞ்சைத் திறந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக முகத்துக்கு வரும், தனியாக ஏறவே வேண்டாம்.

அப்புறம் ஒளி போய்வரும் கண்ணாடி. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் கண்ணாடி கீறிப்போகும். முதலில் ஊதிவிட்டு, பிறகு தயாரிப்பாளர் சொன்ன திரவத்தால் துடையுங்கள். பாய்லர் நின்றாலும் ப்ளோயர் ஓடட்டும். நம்ம ஊர்ச் செம்மண் புழுதி ப்ளோயரின் வடிகட்டியைச் சீக்கிரமே அடைத்துவிடும், காற்று வீசும் மாதங்களில் வாராவாரம் தட்டிப் பாருங்கள்.

சரிபார்க்க, அளவு தெரிந்த வாயு நிரப்பிய சிறு குழலைக் கற்றையின் நடுவில் வைப்பார்கள். 10 சென்டிமீட்டர் குழலில் 2000 பிபிஎம் என்றால் 2 மீட்டர் புகைபோக்கியில் அது 100 பிபிஎம்முக்குச் சமம். ஆனால் குழல் 30 டிகிரியிலும் புகை 150 டிகிரியிலும் இருந்தால் அடர்த்தி சுமார் 1.4 மடங்கு மாறும், அந்தத் திருத்தத்தைச் சேர்க்காமல் மீட்டரில் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள்.

கடைசியாக ஆக்சிஜன். எங்கோ ஓட்டை வழியாக வெளிக்காற்று புகுந்தால் புகை நீர்த்துப்போய் எண் அழகாகத் தெரியும். 14 சதவீத ஆக்சிஜனில் கன மீட்டருக்கு 200 மில்லிகிராம் காட்டினால், 11 சதவீதத்துக்குத் திருத்தும்போது காற்றில் உள்ள 21 சதவீதத்திலிருந்து இரண்டையும் கழித்து, 200-ஐ 10-ஆல் (21−11) பெருக்கி 7-ஆல் (21−14) வகுக்க வேண்டும், சுமார் 286 வரும். பதிவேட்டில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள், பக்கத்தில் ஆக்சிஜன் அளவையும்.