ஈரத் தலையோடு படுத்து வந்த அரிப்பு நின்ற விதம்

பஞ்சாலையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்தால் தலை முழுக்கப் பஞ்சுத் தூசி. இரவில் குளித்தே ஆக வேண்டும். விடிந்தாலும் பின்கழுத்துப் பக்கம் முடி காயாது. அரிப்பு, பொடுகு, தலையணையில் புளித்த வாடை. சளி பிடிக்குமே என்று அத்தை பயந்தார். சளியைத் தருவது வைரஸ், ஈரம் அல்ல. பொடுகுக்குப் பின்னால் இருப்பது எல்லோர் தலையிலும் வாழும் மலாசீசியா என்ற பூஞ்சை. வெப்பமும் ஈரமும் அதற்குக் கொண்டாட்டம்.

தோல் மருத்துவர் 2 சதவீத கீட்டோகோனசோல் (பூஞ்சையை அடக்கும் மருந்து) ஷாம்பூவை வாரம் இருமுறை தேய்த்து, 5 நிமிடம் விட்டு அலசச் சொன்னார். இப்போது தலையைத் துணியால் மூடிக் கட்டியே வேலைக்குப் போகிறேன். தலைக்குக் குளிப்பது காலையில். தவிர்க்க முடியாத இரவுகளில் பருத்தித் துண்டால் ஒற்றி, மின்விசிறி முன் வேர்வரை உலர்த்திய பிறகே படுக்கிறேன். தயவுசெய்து முறுக்கிப் பிழியாதீர்கள், நனைந்த முடி எளிதில் அறுந்துவிடும். அரிப்பு அடங்கிவிட்டது.