ஆப்பிள் பறிக்கப் போகிறீர்களா?
நியூயார்க்கை ஒட்டிய ஹட்சன் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் செப்டம்பர், அக்டோபரில் ஆப்பிளை நாமே பறிக்கலாம். அக்டோபர் இரண்டாம் திங்கள் விடுமுறையை ஒட்டிய சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம்; கார் நிறுத்தவே பொறுமை போய்விடும். ஹனிகிரிஸ்ப் வகை ஆப்பிள் வேண்டுமா, செப்டம்பரில் போங்கள். ஃபூஜிக்கு அக்டோபர் பிற்பாதி.

பிள்ளைகள் பழத்தைப் பிடித்து இழுப்பார்கள். கூடவே பக்கத்துப் பழமும் உதிரும். உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, லேசாகத் திருகச் சொல்லுங்கள். காம்போடு கழன்று வரும்.

பெரும்பாலும் பைக்குத்தான் காசு, சின்னப் பையே வாங்குங்கள். பெரியதை வாங்கிவிட்டு நாங்கள் ஆப்பிள் ஊறுகாய் வரை போனோம்! அப்புறம், பழத்தைக் கழுவாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பக்கத்தில் கீரை வைக்காதீர்கள், கீரை சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.