கல்லைக் காலடியில் கொட்டாதீர்கள்

ஹெல்மெட் போடு, மழையில் நனைந்த மூங்கில் சாரத்தில் செருப்போடு ஏறாதே என்பதெல்லாம் யாங்கோன் சைட்டில் புதிதாகச் சேரும் பையனுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். எங்கள் காலத்துக் கொத்தனார்கள் முதுகைத் தொலைத்த அதே வழியில் இப்போதைய பையன்களும் போகிறார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கல்லும் கலவையும் தரையில்

சித்தாள் செங்கல்லைச் சுமந்து வந்து கொத்தனாரின் காலடியில் கொட்டுகிறாள். கலவைச் சட்டியும் அங்கேதான். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குனிவு, கலவைக்கு இன்னொன்று. ஒரு நாளைக்கு 500 கல் கட்டினால் எத்தனை ஆகிறது, பாருங்கள். கல் இரண்டு மூன்று கிலோதானே என்பார்கள். இடுப்புக்கு மேலே உள்ள உடம்பே மொத்த எடையில் பாதிக்கு மேல் வரும். 60 கிலோ ஆள் குனிந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும், கை வெறுமையாக இருந்தாலும், 30 கிலோவுக்கு மேல் தூக்குகிறார்.

நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி இது. அமெரிக்காவில் 1885-ல் கொத்து வேலை கற்கச் சேர்ந்த ஃபிராங்க் கில்பிரெத், பின்னாளில் கல்லும் கலவையும் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும்படி சாரம் அமைத்தார். ஒரு கல் வைக்க 18 அசைவுகள் தேவைப்பட்டது ஐந்தாகக் குறைந்தது. மணிக்கு 120 கல் வைத்தவர்கள் 350 வைத்தார்கள். கூலிக்காரன் முதுகு எப்படிப் போனால் என்ன என்று நினைக்கிற முதலாளிக்குக்கூட இந்தக் கணக்கு இனிக்க வேண்டும். இனிப்பதில்லை!

தாக்கேத்தாவில் ஒரு சைட். இரண்டு பக்கமும் கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, சட்டியை இடுப்பளவுக்கு ஏற்றி வைத்திருந்தோம். மறுநாள் கான்ட்ராக்டர் பலகையை உருவிவிட்டார். "சென்ட்ரிங்குக்கு வேணும் மேஸ்திரி. குனிஞ்சா தேஞ்சா போயிடுவானுங்க?" மழைக்காலம் முடிவதற்குள், அங்கே நூல் பிடித்தாற்போல் சுவர் எழுப்பிய பையனுக்குச் செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியவில்லை. அந்தக் கைக்கு ஈடாக வேறு கை கிடைக்காமல் கான்ட்ராக்டர் அலைந்தார். பலகை என்ன விலை விற்றுவிடும்? இன்றைக்கும் ஆறவில்லை எனக்கு.

முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவில் வேலை இருக்கட்டும். சுவர் மார்பைத் தாண்டினால் சாரத்தை ஏற்றுங்கள். கையைத் தூக்கியபடியே கட்டினால் அடுத்துப் போவது தோள்பட்டை.

சிமெண்ட் மூட்டை

50 கிலோ. எல்லாம் வசதியாக அமைந்தாலும் ஓர் ஆள் தூக்க 23 கிலோதான் வரம்பு என்பது வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியாஷ் போட்ட கணக்கு. லிஃப்ட் இல்லாத ஒடுக்கப் படிக்கட்டில், ஒற்றைத் தோளில் மூட்டையோடு ஏழாவது மாடி ஏறுவது நம் ஊர் வழக்கம். கப்பியும் கயிறும் கட்டுங்கள். முடியாத இடத்தில் கீழேயே பிரித்து, பாதிப் பாதியாக ஏற்றுங்கள். இறக்கும்போது இடுப்பைத் திருகாமல், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

இடுப்பு பெல்ட்

காசுக்குக் கேடு. காயமில்லாத ஆளை அது காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அதே நியாஷ் 1994-லேயே சொல்லிவிட்டது.

டைல்ஸ் போடுகிறவர்கள்

முழங்காலுக்கு மெத்தை. பேச்சே வேண்டாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு மூட்டை தூக்குவது

கூடாது. முதுகுவலியோடு இரண்டு காலும் மரத்தாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். அன்றைக்கே, அப்போதே, பெரிய ஆஸ்பத்திரி.