பாக்டீரியா நச்சை எப்போது தயாரிக்கிறது? வளர்ச்சி வரைபடத்தைப் படிக்கும் முறை

நோய்க்கிருமி உடம்புக்குள் நுழைந்த நொடியிலிருந்தே நச்சைக் கக்கத் தொடங்கிவிடும் என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நச்சும் நொதியும் செய்ய அமினோ அமிலமும் ஆற்றலும் செலவாகும், அதனால் பல பாக்டீரியாக்கள் வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் எந்த வீரியக் காரணியை, அதாவது நோயை உண்டாக்க உதவும் நச்சு, நொதி போன்ற பொருளைத் தயாரிப்பது என்பதைக் கறாராகக் கட்டுப்படுத்துகின்றன. ஆய்வுக் கட்டுரைகளில் இது பெரும்பாலும் ஒரே படமாக இருக்கும்: செல்களின் வளர்ச்சிக்கு ஒரு கோடு, நச்சுக்கு ஒரு கோடு.

முதலில் அச்சுகளைப் பாருங்கள். வளர்ச்சியை 600 நானோமீட்டர் ஒளியில் கலங்கலை (செல்கள் கூடக் கூட இது கூடும்) அளந்து, மடக்கை அளவுகோலில், அதாவது ஒவ்வொரு படியும் பத்து மடங்காக உயரும் அளவுகோலில் போட்டிருப்பார்கள், நச்சு பல சமயம் சாதாரண அளவுகோலில் இருக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால், நச்சு திடீரென்று எகிறியது போலத் தோன்றும். செல்கள் இரட்டித்து நச்சும் இரட்டித்திருந்தால் அங்கே கட்டுப்பாடு எதுவும் மாறவில்லை, ஆட்கள் கூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் நச்சின் அளவைக் கலங்கலின் அளவால் வகுத்து, ஒரு செல்லுக்கு எவ்வளவு என்று பாருங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல் மேலே படிப்பதே வீண். இன்னொன்று, சிதையாத நச்சு ஊடகத்தில் (கிருமி வளரும் சத்துக் கரைசலில்) அப்படியே தேங்கிக் கிடக்கும், உற்பத்தி நின்ற பிறகும் கோடு உயரத்திலேயே இருக்கும். இப்போது தயாராகிறதா என்று தெரிய, அந்த நச்சு மரபணுவின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கும் நகல்) அளவைத் தேடுங்கள்.

சரி, ஒரு செல்லுக்கான நச்சின் அளவும் மடக்கை நிலையின் (செல்கள் வேகமாக இரட்டித்துக்கொண்டே போகும் கட்டத்தின்) முடிவில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். எது ஏற்றியது? அந்த நேரத்தில் கூட்டம் அடர்கிறது, சத்து குறைகிறது, அமிலத்தன்மை மாறுகிறது, இரும்பு தீர்கிறது, எல்லாம் ஒன்றாகவே நடக்கின்றன. ஒரே நேரத்தில் நடந்தது என்பது மட்டும் காரணத்துக்குச் சான்றாகாது. ஆய்வாளர்கள் இவற்றை எப்படிப் பிரித்தார்கள் என்று தேடிப் படியுங்கள்.

அடர்த்திதான் காரணம் என்றால் அதற்கு ஒரு சமிக்ஞை மூலக்கூறு இருக்க வேண்டும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இதற்கு நல்ல உதாரணம். அதன் சமிக்ஞை, அது வெளியிடும் ஒரு சிறு பெப்டைடு (சில அமினோ அமிலங்கள் கோத்த துண்டு). அது சுற்றிலும் சேர்ந்து ஓர் அளவைத் தாண்டியதும், செல் சவ்விலுள்ள ஏஜிஆர்-சி புரதம் அதை உணர்ந்து செல்லுக்குள் இருக்கும் ஏஜிஆர்-ஏ என்ற புரதத்தைத் தூண்டுகிறது, அது ஆர்என்ஏ-3 என்ற ஆர்என்ஏவை எழுத வைக்கிறது. அப்புறம் பாருங்கள், ஒட்டிக்கொள்ள உதவும் மேற்பரப்புப் புரதங்கள் குறைகின்றன, வெளியே விடும் நச்சுகளும் நொதிகளும் கூடுகின்றன. ஆக, ஒரே படத்தில் ஒரு கோடு இறங்கி இன்னொன்று ஏறுவது முரண்பாடு இல்லை.

எல்லாவற்றையும் அடர்த்தியின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. தொண்டை அடைப்பான் கிருமியின் நச்சை இரும்பு கட்டுப்படுத்துகிறது: இரும்பு போதுமான அளவு இருக்கும்போது டிடிஎக்ஸ்-ஆர் என்ற புரதம் அதோடு சேர்ந்து நச்சு மரபணுவை அடைத்து வைக்கும், இரும்பு குறைந்தால் விட்டுவிடும். காலரா கிருமியோ அடர்த்தியைப் பார்க்கிறது, ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸுக்கு நேர் எதிர். அடர்த்தி கூடும்போது ஹாப்-ஆர் என்ற புரதம் பெருகி வீரியக் காரணிகளை அணைக்கிறது. கூட்டம் சேர்ந்தால் வீரியம் கூடும் என்று பொதுவாக மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

கடைசியாக, அந்தச் சோதனை எங்கே நடந்தது என்று பாருங்கள். குடுவையில் சமிக்ஞை தேங்கும். உடம்பில் திரவம் ஓடும் இடத்தில் அது அடித்துச் செல்லப்படலாம். குறுகிய இடத்தில் அடைபட்டால் சில செல்களே அந்த அளவை எட்டிவிடலாம். எனவே குடுவையில் கண்ட மணிக்கணக்கை அப்படியே நோயாளியின் மேல் பொருத்த வேண்டாம்.