பழைய வாட்ச் வாங்கும்போது பளபளப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்

முதன்முதலாகப் பழைய வாட்ச் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது "மெஷின் நல்லா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?" என்றுதான். மெஷினை விடுங்கள். எச்.எம்.டி. ஜனதாவோ சீகோ 5-ஓ என்றால் கழற்றித் துடைத்து எண்ணெய் போட இன்றும் ஆள் இருக்கிறார்கள், உதிரி பாகமும் தேடினால் கிடைக்கும். கண்ணாடி கீறியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பட்டை ஒரு விஷயமே இல்லை. கேஸ், அதாவது மெஷினை மூடியிருக்கும் உலோக உடம்பு, மட்டும் அப்படியில்லை. பாலிஷ் போட்டுப் போட்டுத் தேய்ந்து போன உலோகம் திரும்ப வராது. அதனால் எந்த வாட்சைக் கையில் வாங்கினாலும் டயலைப் பார்ப்பதற்கு முன்னால் நான் குப்புறப் போட்டுத்தான் பார்ப்பேன். கடைக்காரர் முகம் அப்போதே கொஞ்சம் மாறும்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், பல்குத்தும் மரக்குச்சி, போன் டார்ச், இவை போதும். பட்டையைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். கோளாறு பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும்.

முதலில் உலோகம் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று பொறித்திருந்தால் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். மூடி மட்டும்தான் ஸ்டீல் என்று அதற்கு அர்த்தம். உடம்பு பெரும்பாலும் குரோம் முலாம் பூசிய பித்தளையாக இருக்கும். சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. வாட்சுகளில், ஜனதா உட்படப் பல பழைய மாடல்கள் இந்த வகைதான். முலாம் முதலில் போவது லக்கின் நுனியில், அதாவது பட்டையைப் பிடித்திருக்கும் நான்கு கால்களின் முனையில். அடுத்து மணிக்கட்டில் உரசும் கீழ் விளிம்பில். அங்கே மஞ்சளாகத் தெரிந்தால் அது பித்தளை. என் ஜனதாவிலும் ஒரு லக்கில் பித்தளை எட்டிப் பார்க்கிறது, அப்படியே கட்டிக்கொண்டுதான் ஆபீஸ் போகிறேன். அது வயசு, நோய் இல்லை.

நோய் என்பது களிம்பு. லக்குகளுக்கு நடுவில், மூடி உட்காரும் ஓரத்தில், பச்சையாகப் படிந்திருக்கும். நம் ஊர் வியர்வைக்கு அதைவிடப் பிடித்த இடம் கிடையாது. குச்சியால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். அழுக்கோடு உதிர்ந்து அடியில் வழுவழுப்பாக இருந்தால் சரி. உதிர்ந்த இடத்தில் குழி தெரிந்தால் உலோகத்தையே தின்றுவிட்டது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தங்க முலாம் பூசிய சுவிஸ் வாட்சுகள் சிலவற்றில் '10 மைக்ரான்', '20 மைக்ரான்' என்று பொறித்திருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண் பெரிதாக இருந்தால் முலாம் கனம். ஐம்பது வருஷத்து வாட்ச் நகைக்கடைப் பெட்டியிலிருந்து இன்று எடுத்தது போல ஜொலித்தால், மறுபடி முலாம் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுத்துகளின் பள்ளம் தூர்ந்திருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும், பழைய குழிகள் புது முலாத்துக்கு அடியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெவ்வேறு நிறங்களில் புதிதாகப் பெயிண்ட் அடித்த டயலோடு இணையத்தில் விற்கிற எச்.எம்.டி.களிலும் இதே சந்தேகம் எனக்கு உண்டு. டயலை அப்படிப் புதுப்பித்தவர் கேஸை மட்டும் சும்மா விட்டிருப்பாரா?

முழு ஸ்டீல் கேஸில் பிரச்சினை வேறு. அது சுலபத்தில் அரிக்காது, ஆனால் பாலிஷ் போடும் பஃபிங் சக்கரத்தில் கரையும். வாட்சை மேலிருந்து பாருங்கள்: நான்கு லக்குகளும் ஒரே அகலமா? பக்கவாட்டில் பாருங்கள்: மேல்பரப்பில் கோடுகோடான பிரஷ் வேலை இருந்தால், அது பளபளப்பான பக்கச்சுவரைச் சந்திக்கிற கோடு கூர்மையாக இருக்கிறதா? சப்பித் துப்பிய ஆரஞ்சு மிட்டாய் போல உருண்டிருந்தால் பாலிஷ் அதிகம். பட்டையைப் பிடிக்கும் கம்பிக்காக லக்கில் வெளிப்பக்கம் வரை துளை போட்ட மாடல் என்றால் துளையின் வாயைக் கவனியுங்கள். புதிதில் அது நறுக்கென்று இருக்கும், தேய்த்துத் தேய்த்துப் புனல் மாதிரி விரிந்துவிடும். ஒமேகா சீமாஸ்டர் பலவற்றின் முதுகில் கடல்குதிரை உண்டு. அதன் செதில்கள் அழிந்திருந்தால் மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம்.

சீகோவில் இன்னொரு வசதி. பின்மூடியில் '7009' என்பது போன்ற நான்கு இலக்க மெஷின் எண், கோடு போட்டு அதன் பின் கேஸ் எண், தனியாக ஒரு வரிசை எண் இருக்கும். அந்த வரிசை எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு 0, நவம்பருக்கும் டிசம்பருக்கும் ஆங்கில எழுத்துகள். டயலின் அடியோரத்தில் பொடியாக அச்சிட்ட எண்ணோடு மெஷின் எண் பொருந்தவில்லை என்றால், வேறு வாட்சின் மூடியோ டயலோ சேர்ந்திருக்கலாம். கேளுங்கள்.

மூடியைத் திறக்கச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் குழி விழுந்திருந்தால் எவ்வளவு நல்ல வளையம் போட்டாலும் ஈரம் உள்ளே போகும். மூடியின் உட்பக்கம் ஊசியால் கீறிய எண்களும் தேதிகளும் இருந்தால் அது பழைய மெக்கானிக்குகளின் சர்வீஸ் குறிப்பு, நல்ல அறிகுறி. வெளியோரத்தில் கத்தி சறுக்கிய கோடுகள் இருந்தால் விலையைக் குறைக்கப் பேசலாம். சாவி, அதாவது பக்கவாட்டில் திருகும் குமிழ், கேஸைவிட்டு எட்டி நின்றாலோ ஆடினாலோ அது வேறு வாட்சின் சாவியாக இருக்கலாம், இது மாற்றக்கூடியதுதான்.

இணையத்தில் வாங்கினால் பட்டையில்லாமல் பக்கவாட்டுப் படம், லக்கின் அடிப்பக்கம், மூடி, சாவிப்பக்கம் கேளுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படமாக இருக்கட்டும். வெள்ளை விளக்கைக் கொட்டி எடுத்த படத்தில் எல்லாக் கேஸும் புதுசுதான்.

வாங்கியதும் பழைய தோல் பட்டையைத் தூக்கிப் போடுங்கள், அதில் ஊறிய வியர்வைதான் களிம்பை வளர்க்கும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "அண்ணே, கேஸுக்கு பாலிஷ் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லி, சீட்டிலும் எழுத வையுங்கள். அன்பு மிகுதியில் காசு வாங்காமலேயே பாலிஷ் போட்டுக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.