சீட் இல்லாத சைக்கிளுக்கு எதில் காசு போடுவது?

ட்ரையல்ஸ் சைக்கிளை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சீட்டைத் தனியா வாங்கணுமா?" வாங்க வேண்டியதில்லை. இதில் உட்காரும் வேலையே கிடையாது. பாறை, சுவர், மரக்கட்டை என்று எது எதிரே வந்தாலும் காலைத் தரையில் ஊன்றாமல் ஏறி இறங்க வேண்டும். ஊன்றினால் போட்டியில் தண்டப் புள்ளி. ஸ்பெயினின் கட்டலோனியாவில் மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸிலிருந்து பிறந்த விளையாட்டு இது. மோன்டேசா மோட்டார் சைக்கிள் ஓட்டிய பெரே பீ தன் மகன் ஓட் பீக்காகச் செய்து கொடுத்த சைக்கிளில் தொடங்குகிறது இதன் கதை. மகன் பிற்பாடு உலக சாம்பியன் ஆனார்; அப்பா மோன்டி என்ற சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கினார்.

நான் பாளையங்கோட்டையில் வாடகை சைக்கிள் ஓட்டி வளர்ந்தவன். செயின் கழன்றால் ஒரு குச்சியை வைத்து மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். இப்போது இருப்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில். இங்கே வார்ன்கிளிஃப் காட்டுப் பாறைகளில் எட்டு வருடமாக விழுந்து எழுந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். குச்சி வைத்தியம் இந்தச் சைக்கிளுக்கு ஆகாது.

சாதாரண சைக்கிளில் பலம் பெடல் வழியாகச் சீராக இறங்கும். ட்ரையல்ஸில் இரண்டு பிரேக்கையும் பூட்டி, பின்சக்கரத்தில் மட்டும் நின்று, பிரேக்கை விட்ட அதே நொடியில் உடம்பின் மொத்த எடையையும் பெடலில் போட்டு எகிறுவோம். பெடல் கால் சுற்றுகூடச் சுற்றாது. அந்தக் கால் சுற்றில் செயினும், பிரீவீலும் (மிதிக்காதபோது சக்கரத்தைத் தானே உருள விடும் பாகம்), பிரேக்கும் வாங்குகிற அடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எடை குறைந்த பிரேம், வண்ண வண்ணமான பெடல் என்று காசைக் கொட்டிவிட்டு செயினில் மிச்சம் பிடிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

சக்கர அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 20 அங்குலம் குதிக்கச் சுறுசுறுப்பானது. 26 அங்குலம் பெரிய தடைகளில் உருண்டு ஏறும். மலைச் சைக்கிள் ஓட்டியவர்களுக்குப் பழகிய உணர்வைத் தரும். 24 அங்குலம் தெருவில் விளையாட. 2009-இல் எடின்பரோ தெருக்களில் டேனி மேக்கஸ்கில் ஓட்டிய காணொளியைப் பார்த்து மயங்கியவர் என்றால் நீங்கள் தேடுவது இதைத்தான். என்னுடையது 20. அதில் ஒரு சூட்சுமம் உண்டு: பெயருக்குத்தான் 20, பின்சக்கரம் உண்மையில் 19 அங்குலம். முன் ரிம்மின் விட்டம் 406 மி.மீ., பின் ரிம் 387. இது தெரியாமல் பின்னால் போட ஒரு பி.எம்.எக்ஸ். டயரை வாங்கி வந்தேன். வளையல் மாதிரி ரிம்மைச் சுற்றி ஆடியது. டயர் வாங்கும்போது பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் 387 என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மேக்சிஸ் கிரீப்பி கிராலர் போன்ற ட்ரையல்ஸ் டயர்கள் அந்த அளவில் கிடைக்கும்.

செயின்

என் வலது முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. இடுப்பு உயரச் சுவர் ஒன்றில் ஏற மிதித்த நொடியில் செயின் அறுந்தது. முழங்கால் நேராக ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மில் போய் இடித்தது. அறுந்த இடத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். நான் கழற்றி மறுபடி பின் (கண்ணிகளைக் கோக்கும் சின்ன ஆணி) அடித்து மூட்டிய அதே கண்ணிதான். செயினைக் கழற்றினால், பழைய பின்னை அதே துளையில் திரும்ப அடிக்கக் கூடாது. அந்தத் துளை ஏற்கெனவே அகன்றிருக்கும். வாங்கும்போதே அளவைச் சரியாக வெட்டி ஒரு முறை மூட்டுங்கள், அதோடு விடுங்கள். கையால் கழற்றி மாட்டும் இணைப்புக் கண்ணியை நான் இந்தச் சைக்கிளில் நம்புவதில்லை. நீளம் ஒத்துவராமல் போனால் அரைக் கண்ணி ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

தேய்மானம் பார்க்கத் தனிக் கருவி வேண்டாம், பள்ளிக்கூட ஸ்கேல் போதும். செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை அரை அங்குலம். ஆக 24 இடைவெளி சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அதற்கு மேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டுவிட்டால் சாதாரண சைக்கிளுக்கே மாற்றும் நேரம் வந்துவிட்டது. நான் அவ்வளவு தூரம் காத்திருப்பதில்லை. வாரம் மூன்று நாள் ஓட்டினால் மூன்று மாதத்துக்கு ஒரு செயின். பழையது என் அலுவலக சைக்கிளுக்குப் போய்விடும்.

இறுக்கம் பார்ப்பதற்கு முன் பெடலை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எந்தப் பல்சக்கரமும் முழு வட்டமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் செயின் விறைக்கும், ஓரிடத்தில் தொங்கும். விறைக்கும் இடத்தில் நிறுத்தி, நடுவில் விரலால் அழுத்தினால் ஐந்து மி.மீ. அசைய வேண்டும். பின் அச்சின் இரு பக்கமும் நத்தை வடிவில் ஒரு தகடு இருக்கும். அதை இரண்டு பக்கமும் ஒரே எண்ணுக்குத் திருப்புங்கள். ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணும், பிரேக் கட்டை ஒரு பக்கம் மட்டும் உரசும்.

பிரீவீல்

மற்ற சைக்கிளில் பின்னால் இருக்கும் பிரீவீல் பல ட்ரையல்ஸ் சைக்கிள்களில் முன்னால், பெடலைத் தாங்கும் கிராங்கில் இருக்கும். காரணம் எளிது. தரையில் இடிக்காமல் இருக்க முன் பல்சக்கரம் சிறியதாக வேண்டும். 20 அங்குலத்தில் வழக்கமாக முன்னே 18 பல், பின்னே 12. பன்னிரண்டு பல்லுக்குள் பிரீவீலைத் திணிக்க இடமில்லை, பதினெட்டில் இடமுண்டு.

விற்பனையாளர் '72', '108' என்று சொல்வது ஒரு சுற்றில் உள்ளே இருக்கும் நாக்குகள் எத்தனை இடத்தில் பிடிக்கும் என்பதை. 72 என்றால் பெடல் அதிகபட்சம் 5 டிகிரி வெறுமனே நகர்ந்து அப்புறம் பிடிக்கும். 108 என்றால் 3.3 டிகிரி. அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியுமா? தெரியும், ஆனால் முதல் வருடத்தில் தெரியாது. அதே 72 பிடி பின் ஹப்பில், அதாவது பின்சக்கரத்தின் நடுப்பகுதியில், இருந்தால், 18-க்கு 12 என்ற பல் கணக்கில் பெடலில் 3.3 டிகிரிதான் வரும். அதனால் எண்ணை மட்டும் வைத்து முன்னதையும் பின்னதையும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

கெட்டி கிரீஸ் போட்டால் நாக்குகள் ஒட்டிக்கொண்டு, மிதிக்கும்போது வழுக்கிவிடும். மெல்லிய எண்ணெய் சில சொட்டு போதும். சத்தத்தைக் கேட்டுப் பழகுங்கள்: கூர்மையான டிக்டிக் சத்தம் மந்தமானால் உள்ளே அழுக்கு. கிராங்கில் மாட்டும்போது மரையில் செம்புப் பசை தடவ மறக்காதீர்கள். ஒவ்வொரு மிதியும் அதை இறுக்கிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்துக் கழற்றும்போது தெரியும் சேதி. கழற்றும் கருவியை வைஸில் பிடித்துக்கொண்டு, கிராங்கையே நெம்புகோலாகத் திருப்ப வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. முன் பிரீவீல் சைக்கிளில் சக்கரம் உருண்டால் செயினும் கூடவே ஓடும், நீங்கள் மிதிக்காவிட்டாலும். ஷூ லேஸை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். ஸ்டாண்டில் வைத்துத் துடைக்கும்போது செயினுக்குப் பக்கத்தில் விரலை வைக்காதீர்கள்.

பிரேக்

பின்னால் மகுரா எச்.எஸ்.33 மாதிரியான எண்ணெய் அழுத்த ரிம் பிரேக், முன்னால் டிஸ்க். என் கணக்கு இது. இரண்டு பக்கமும் டிஸ்க் போடுகிறவர்களும் உண்டு.

ரிம் பிரேக் வைத்தால் ரிம்மைக் கீறியாக வேண்டும். கேட்கவே அநியாயமாக இருக்கும். புது ரிம்மில் ஆங்கிள் கிரைண்டரை வைப்பதா என்று முதல் தடவை கை நடுங்கியது. டயரைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடி, முகக்கவசம், கையுறை மூன்றும் வேண்டும். இரும்பு வெட்டும் தட்டின் விளிம்பால், பிரேக் கட்டை படும் பட்டையில், சாய்வாக, இரண்டு மூன்று மி.மீ. இடைவெளியில் லேசாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள். வெட்டக் கூடாது, நகக்கீறல் ஆழம்தான். நீண்ட நேரம் ஓரிடத்தில் நின்றால் பள்ளம் விழும். பள்ளத்தில் பிரேக் திக்கித் திக்கிப் பிடிக்கும். முடிந்ததும் ரிம்மை வெறுங்கையால் தடவாதீர்கள், பிளேடு மாதிரி இருக்கும். முதல் வாரம் கட்டையை அது தின்னும், எருமை கத்துவது போலச் சத்தமும் வரும். பக்கத்து வீட்டம்மா ஒரு ஞாயிறு காலையில் வெளியே வந்து, எல்லாம் நலம்தானே என்று விசாரித்தார்.

கீறல் மழுங்கிக் கண்ணாடி போல மினுங்கினால் மறுபடி கீற வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுவர் மெலிகிறது என்பதை நினைவில் வையுங்கள். பட்டை உள்வாங்கிவிட்டாலோ, காற்றடித்ததும் விளிம்பு புடைத்தாலோ அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது. கீறாத ரிம்மில் கொஞ்சம் தார் தடவி ஓட்டுகிறவர்களும் உண்டு. காய்ந்த நாளில் அருமையாகப் பிடிக்கும், நனைந்தால் காலை வாரும். ஷெஃபீல்டில் காய்ந்த நாளை நம்பி யாரும் எதையும் திட்டமிடுவதில்லை.

மகுராவுக்கு மினரல் ஆயில் மட்டும். ஹோப் நிறுவன டிஸ்க் பிரேக் போட்டிருந்தால் அதற்கு டாட் 5.1 என்ற பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். எங்கள் வீட்டில் மீன் சட்டி வேறு, பால் சட்டி வேறு. அதே மாதிரி இரண்டு சிரிஞ்சு, இரண்டு நிற டேப். பிரேக் குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுக்கும்போது லீவர்தான் உச்சியில் இருக்க வேண்டும். கட்டையை நெருக்கும் திருகை முழுக்கப் பின்னே எடுத்துவிட்டு, கீழே சிலிண்டரிலிருந்து சிரிஞ்சால் மெதுவாகத் தள்ளுங்கள். குழாயைச் சுண்டிக்கொண்டே இருங்கள். மேலே குமிழி வருவது நின்றதும் முதலில் மேல் திருகை மூடுங்கள், அப்புறம் கீழ்.

லீவர் லேசாக இருக்க வேண்டும் என்று ட்ரையல்ஸ்காரர்கள் பலர் மகுராவில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் நிரப்புவார்கள். உண்மையிலேயே லேசாகிவிடும். நானும் நிரப்பினேன். ஜனவரியில் ஒரு காலை, கொட்டகையில் லீவர் கல்லாக நின்றது; உள்ளே பனிக்கட்டி. இப்போது பாதிக்குப் பாதி கார் ரேடியேட்டரின் ஆன்டிஃப்ரீஸ் கலக்கிறேன். துருவும் பிடிக்காது.

விரிசல் பார்ப்பது

அலுமினியம் வளைந்து எச்சரிக்காது, விரிசல் விட்டுத் திடீரென்று போகும். மாதம் ஒரு முறை பிரேமைக் கழுவித் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள்: ஹேண்டில் கழுத்துக் குழாயின் அடி, கிராங்க் பெட்டியின் வெல்டிங், பின் பிரேக் பொருந்தும் இடம், பின் அச்சுப் பிடி. பெயின்ட்டில் முடி போலக் கறுப்புக் கோடு தெரிந்தால் பழைய நைலான் சாக்ஸை அதன்மேல் இழுங்கள். நூல் சிக்கினால் அது கீறல் இல்லை, விரிசல். வெல்டிங் வைத்து ஓட்டலாமா என்று யோசிக்கவே வேண்டாம். ஹேண்டில்பாரை விரிசலுக்குக் காத்திருக்காமல் வருடம் ஒரு முறை மாற்றிவிடுகிறேன். பல்லை விட அது மலிவு.

டயர் காற்று அவரவர் எடையைப் பொறுத்தது. என் எடை 68 கிலோ. பின்னால் 16 பி.எஸ்.ஐ., முன்னால் 25. பாறை விளிம்பில் இறங்கும்போது ரிம் தட்டுகிற சத்தம் கேட்டால் ஒரு பி.எஸ்.ஐ. கூட்டுவேன்.

பழைய சைக்கிள் வாங்கப் போனால், விலை பேசுமுன் பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலில் ஏறி நின்று இருபது தடவை குதித்துப் பாருங்கள். பிரேக் நழுவினாலும் கிராங்க் முனகினாலும் அங்கேயே தெரியும். விற்பவர் குதிக்க விடவில்லை என்றால் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மழையில் ஓட்டி வந்ததும் செயினுக்கு எண்ணெய் போடுவீர்கள். ஸ்பிரே மட்டும் வேண்டாம், சொட்டுச் சொட்டாகப் போடுங்கள். டிஸ்க் பேடில் ஸ்பிரே ஒரு தூறல் பட்டாலும் அந்தப் பேடு போச்சு. அடுப்பில் சுட்டால் எண்ணெய் எரிந்து பேடு சரியாகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். சுட்டேன். பேடு சரியாகவில்லை, சமையலறை மூன்று நாள் நாறியது.