கத்தரிக்கு ஊற்றிய அசோஸ்பைரில்லம் ஏன் வேலை செய்யவில்லை: என் அனுபவம்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் பைகளில் கத்தரி வைத்திருக்கிறேன். நட்டு 40 நாள் ஆகியும் செடி ஒரு சாண் தாண்டவில்லை, அடி இலைகள் வரிசையாக மஞ்சளாகின. தழைச்சத்துக் குறைவுதான் என்று, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தரும் பாக்டீரியா உரமான அசோஸ்பைரில்லத்தை இரண்டு முறை கரைத்து ஊற்றினேன், அசைவே இல்லை. பாக்கெட் பழசோ என்று புதிதாக வாங்கினேன். அப்புறம் வேப்பம் புண்ணாக்கு. இரண்டு வாரம் வீண்.

ஒரு நாள் காலையில் லாரித் தண்ணீர் பிடிக்கும்போது பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது. கிருமியைக் கொல்லக் குளோரின் போட்ட அந்தத் தண்ணீரில்தான் உயிருள்ள பாக்டீரியாவை உடனுக்குடன் கரைத்திருக்கிறேன்!

இந்த முறை தண்ணீரை அகலமான அன்னக்கூடையில் ஒரு ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தேன். வாடை போனதும் 200 கிராம் அசோஸ்பைரில்லம் பவுடரை 5 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, அந்தத் தண்ணீரைப் புட்டு மாவு பதத்துக்குத் தெளித்து, ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம் நிழலில் விட்டேன். பிரித்தபோது சாண வாடை போய் மழை மண் வாசம் வந்தது. வெயில் தாழ்ந்த பிறகு செடிக்கு ஒரு கைப்பிடி வேரோரம் போட்டு மூடினேன். யூரியா பக்கமே போகவில்லை. மூன்றாவது வாரம் தளிர் கரும்பச்சையாக வந்தது, மண்ணைக் கிளறினால் பஞ்சு மாதிரி வெள்ளைச் சல்லிவேர்.